சாயம் ஏறும் நேரம்

மூன்று வாரத்துக்கு முன்பு
நவநீதத்தின் மூக்குத்தி கழலவில்லை.
இருபத்தேழு வருடத்துத் திருகாணி.
தேங்காயெண்ணெய் தொட்டு நான்தான் திருகினேன்.
அழுவாள் என்று நினைத்தேன்.
தும்மினாள்.

இன்று தலையில் துண்டு கட்டி வந்திருக்கிறாள்.
வெளியே வேலூர் கத்திரியில் காய்கிறது,
உள்ளே என் அறையில் எப்போதும் மார்கழி.
குப்புறப் படுக்க வேண்டும்.
இரண்டு குழிகளில் இரண்டு மார்பும்,
கைகள் தலைக்கு மேல்,
நீச்சல் தெரியாதவர் நீந்துவதுபோல.
அசையாதீங்க, மெஷின் இடிக்கும், பயப்படாதீங்க.
"சிப்காட்டுல டிரம்மு உருள்றதை விடவா?"

ராணிப்பேட்டையில் தோல் தரம் பிரிக்கிறவள்.
ஜன்னலோரம் விரித்துப் பிடித்தால் போதுமாம்,
எது சாயம் ஏற்கும்,
எது குடித்ததுபோல் நடித்துவிட்டு
மறுநாள் திட்டுத்திட்டாய்த் துப்பும் என்று
டிரம்முக்குப் போகும் முன்பே சொல்லிவிடுவாளாம்.
"பத்துல ஒண்ணு தப்பும்.
அந்த ஒண்ணுக்குத்தான் சூப்பர்வைசர் கத்துவான்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
அவள் ரத்தத்தில் சாயம் செலுத்துகிறேன்.
திரையில் கட்டி விழித்துக்கொள்கிறது.
மருந்துக்கு முந்தைய படத்தில்
சாயம் ஓடி ஏறி ஓடி இறங்கியது.
இன்று, ஒரே ஒரு சுற்றுக்குப் பிறகு,
அளந்தால் அதே மூன்றரை சென்டிமீட்டர்,
தொட்டால் அதே கல்,
ஆனால் சாயம்
வாசலில் தயங்குகிறது.

இன்னொரு படம் உண்டு, சாயம் வேண்டாதது.
அது தண்ணீரைப் பார்க்கும்.
செல்கள் நெருக்கியடித்த இடத்தில் தண்ணீர் நகராது.
அவை சாகத் தொடங்கினால் நகரும்,
மணலுக்கடியில் பாலாறு நகர்வதுபோல.
பாலத்தில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால்
பாலாறு செத்துப் பல காலம்.
ஊற்று தோண்டுகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

கணினி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து
ஓர் எண் தருகிறது.
எழுபத்தொன்று.
இவளைப் போன்ற நூறு பேரில் எழுபத்தொரு பேருக்கு
அறுவை செய்யும் நாளில்
கட்டி இருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது.
நூறு பேரையும் ஓ.பி. வரிசையில் நிறுத்திப் பார்க்கிறேன்,
துண்டு கட்டிய தலைகள், கையில் ஃபைல்கள்.
நவநீதம் எத்தனையாவது ஆள் என்று
எண்ணுக்குத் தெரியாது.

காலையில் வந்த ஆரணிக்காரிக்குப் பதினான்கு.
அவளுக்கு மருந்தை மாற்றுவார்கள்,
நான்கு மாதம் வீணாய் வாந்தியெடுத்த பிறகு அல்ல,
இந்த வாரமே.
அதற்குத்தானே இந்தப் படம்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு
டீயை எடுத்தேன். ஆடை படிந்திருந்தது.

எழுந்து உட்கார்ந்ததும் கேட்டாள்:
"ஏத்துக்குதா?"
சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
டாக்டர் சொல்வாங்கம்மா.
"நீ பார்த்துட்ட.
பார்த்தவ மூஞ்சி எனக்குத் தெரியாதா?"
குனிந்து செருப்பைத் தேடுகிறாள்.
நான் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்துகிறேன்,
தேவைக்கு மேல் கொஞ்சம் நேரம்.

அப்போதுதான் பார்த்தேன்,
மூக்கில் பச்சையாய் ஏதோ.
"வேப்பங்குச்சிதான், இரும்பு இல்ல.
துளை தூர்ந்துடக் கூடாதில்ல?"

ஒன்றே கால் பஸ் போயிருக்குமா,
அம்மூருக்கு அடுத்தது எப்போது என்று
என்னிடம் கேட்டாள்.
அதுவும் எனக்குத் தெரியவில்லை.