ஞானப்பல் இல்லாத மூன்று நாள்

புறப்படுவதற்கு முந்தின மாலை
மாரிபோரில் பல் மருத்துவர் என் ஞானப்பல்லைப் பிடுங்கி
தட்டில் போட்டார். டிங் என்றது.
"மூன்று நாள் எதையும் கடிக்கக் கூடாது."
"நாங்கள் சரயேவோவுக்குப் போவதே சாப்பிடத்தான்."
"அப்படியானால் வேடிக்கை பாருங்கள்" என்று
கையுறையைக் கழற்றினார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதையில்
அந்தக் கை நான்தான்.
தட்டுகளை நகர்த்தினேன், ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தேன்,
உப்பு கேட்டவர்களுக்கு உப்பு.

முதல் இரவு, செம்புப் பட்டறைகளின் சந்துக்குள்,
புகை கூரையைத் தேய்த்த கடை.
தணலில் வாட்டிய செவாப்பி, தட்டுக்குப் பத்து,
பிளந்த ரொட்டிக்குள் ஒன்றையொன்று நெருக்கிப் படுத்திருந்தன.
எனக்கு ஒரு கிண்ணம் தயிர்.
"எப்படி இருக்கிறது, சொல்லுங்களேன்" என்றேன்.

த்யாஷா கண்ணை மூடினாள்.
"வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே யாரோ
உனக்காக மட்டும் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். அப்படி."
ஷ்பேலா நெடுநேரம் மென்றாள்.
நான் அவள் தாடையையே பார்த்தேன்.
"வெங்காயம் காரம்" என்றாள் கடைசியில்,
ஏதோ வாக்குமூலம் தருகிறவள்போல.
யெர்னெய் காப்பீட்டுக் கம்பெனியில் சேதம் மதிப்பிடுகிறவன்.
"நன்றாக இருக்கிறது" என்றான்.
அவ்வளவுதான்.
"எப்படி நன்றாக?"
"நன்றாக."

மறுநாள் ரொட்டிக்கடை.
கண்ணாடிக்குப் பின்னால் சுருள் சுருளாக, வட்ட வட்டமாக,
பாம்பாட்டி கூடையைத் திறந்து வைத்ததுபோல.
த்யாஷா விரல் நீட்டி
"பாலாடைக்கட்டி புரேக், மூன்று" என்றாள்.
நெர்மின் என்று ஏப்ரனில் பெயர் தைத்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.
"அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது.
இறைச்சி வைத்தால் புரேக்.
பாலாடைக்கட்டி என்றால் சிர்னித்சா.
கீரை, ஸெல்யானித்சா.
உருளைக்கிழங்கு, க்ரொம்பிருஷா."
"எங்கள் ஊரில் எல்லாமே புரேக்தான்."
"உங்கள் ஊரில்
நாய் பூனை கோழி எல்லாவற்றையும் மாடு என்பீர்களா?"
வரிசை சிரித்தது. ஷ்பேலா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
தையல் இழுத்தது.

எனக்கென்று வாய்த்தது ஒரு சூப்.
கோழியும், சுண்டுவிரல் நகம் அளவு வெண்டைக்காயும்,
கடிக்க வேண்டாம், தானே இறங்கும்.
பரிமாறிய பெண் வீங்கிய என் கன்னத்தைப் பார்த்து
கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.
வேகவைத்த ஆப்பிளும் வந்தது. அதன் வயிற்றில் வால்நட்.
வால்நட்டை யெர்னெய் தோண்டித் தின்றான்.
"நன்றாக இருக்கிறது."

இரண்டு இரவும் அறையில் படுத்தபடி
த்யாஷா சொன்னதையெல்லாம் திரும்ப மென்றேன்:
பனி, அடுப்பு, மொறுமொறுவென்று உடையும் ஓர் ஆறு,
"மிளகு கடைசியில் வருகிறது, கோபித்துக்கொண்டு போனவன்
தொப்பியை மறந்து திரும்புவதுபோல."
பல் போன குழியில் நாக்கு போய்ப் போய் வந்தது.

மூன்றாம் நாள் காலை ஆறு மணி.
மூவரும் தூங்க, செருப்பைக் கையில் பிடித்துப் படி இறங்கினேன்.
முதல் டிராம் காலியாக மணியடித்துக்கொண்டு போனது.
"புரேக்" என்றேன். "இறைச்சி."
"இறைச்சி என்று சொல்லத் தேவையில்லை" என்றார் நெர்மின்.
ஆனாலும் தராசு முள்ளுக்கு மேலே ஒரு துண்டு வைத்தார்.

நின்றுகொண்டே, இடது பக்கமாக, மெல்லக் கடித்தேன்.
உடைந்தது.
எண்ணெய். வெங்காயம். இறைச்சி. சூடு.
பனி இல்லை. ஆறு இல்லை.
மிளகு தொப்பியை மறக்கவேயில்லை,
முதலிலேயே வந்து உட்கார்ந்திருந்தது.
வலியும் வந்தது, அதையும் சேர்த்து மென்றேன்.
காகிதத்தில் ஒட்டிய பொருக்கைக்கூட
விரலை நனைத்து எடுத்தேன்.

அரைக் கிலோ பொட்டலம் மார்பில் சுட
அறைக்குத் திரும்பினேன்.
த்யாஷா எழுந்து உட்கார்ந்தாள். "கடித்துவிட்டாயா? பாவி!
எப்படி இருந்தது? சொல், ஒன்று விடாமல் சொல்."
வாயைத் திறந்தேன்.
மூன்று நாள் சேர்த்து வைத்த சொல்லெல்லாம் அவளுடையது.

"நன்றாக இருக்கிறது" என்றேன்.

போர்வைக்குள்ளிருந்து யெர்னெய்யின் கை மட்டும் வந்து
பொட்டலத்தைத் தேடியது.