முப்பத்தைந்துக்குக் கீழே

ரத்தத்தில் பதினொன்று என்று வந்திருக்கிறது.
முப்பத்தைந்துக்குக் கீழே எதுவும் நல்லதுதான்.
டாக்டர் சிரித்தார். காகிதத்தை நாலாக மடித்து
பஸ் பாஸ் உறைக்குள் சொருகினேன்.
பிறகு கேட்டேன்:
அப்படியென்றால் எல்லாம் செத்துப்போச்சா?
அவர் பேனாவை மூடினார்.

பெருகுகிறதைத்தான் மருந்து பிடிக்குமாம்.
ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக
அவசரத்தில் கதவைத் திறந்துபோட்டிருப்பதை.
சிலதுக்கு அவசரமே இல்லை.
வயிற்று நீரில் பத்து இருபது சேர்ந்து
ஒன்றையொன்று கட்டிப்பிடித்து
உருண்டையாய் மிதக்கும்.
வெளியே இருப்பது சாகும்.
உள்ளே இருப்பதற்கு அதுவே தோடு.
பட்டினி கிடக்கும்.
பொறுக்க முடியாதபோது தன்னையே தின்னும்,
கொஞ்சமாய், சிக்கனமாய்.
என்றாவது குடல்மேல் கொழுப்புத்திரையில்
ஒதுங்க இடம் பார்க்கும்.

டாக்டர் இவ்வளவு சொல்லவில்லை.
பாதி, அடுத்த கட்டில் றோஸ்லெட் சொன்னது,
நர்சிங் படிக்கும் மகளிடம் கேட்டு.

புதுக்கடை அண்டி ஆபீசில் இருபத்திரண்டு வருசம்.
தோட்டெண்ணெய் தின்ற விரல் எனக்கு.
பூச்சி விழுந்த பருப்பைக்
கண் பார்க்குமுன் விரல் தள்ளிவிடும்.
ஆனாலும் ஒன்றிரண்டு
டின்னில் அடைபட்டு, சீல் வைக்கப்பட்டு, கப்பலேறி
திறந்த ஊரில் புழுவாய் எழுந்திருக்கிறது.
சூப்பர்வைசர் கடிதத்தை வாசிப்பார்.
யார் மேசையில் தப்பியது?
நாங்கள் குனிந்திருப்போம்.

ஆபீஸ் பூட்டிக் கிடந்த அந்த எட்டு மாசம்
அவித்த மரச்சீனி, கட்டன்சாயா.
முதலில் சங்கிலி போனது, பிறகு காதுத் தோடு,
பிறகு தையல் மிஷின்.
யாருக்கும் கல்யாணம் வைக்கவில்லை.
ஒருவரும் செத்துப்போகவுமில்லை.
முதலாளி எங்களை மறந்தே போயிருப்பார்.
ஒரு திங்கட்கிழமை, எட்டு மணிக்குச் சங்கு ஊதியது.
அடுப்பை அப்படியே விட்டு
நாற்பது வீட்டிலிருந்து ஒரே நேரத்தில்
இறங்கி ஓடினோம்.

அதைத்தான் றோஸ்லெட்டிடம் சொல்லவில்லை.

திருவனந்தபுரம் பாசஞ்சர்
குழித்துறையில் நிற்கும்போது இருட்டியிருந்தது.
தலையில் முக்கால் விரல் முடி,
காற்று பட்டால் கூசுகிறது.
"சுருக்கா எறங்கு பிள்ளே, வண்டி விட்டிரும்"
என்றார் அவர், பையை வாங்கிக்கொண்டு.

நான் கம்பியைப் பிடித்து
ஒவ்வொரு படியாக
அலுங்காமல் இறங்கினேன்.
இன்ஜின் ஊதியது.
கை தன்பாட்டில் போய்
அடிவயிற்றைப் பொத்தியது,
காதைப் பொத்துவது போல.