ஆறு மீட்டர்

தலைமைப் பண்பு, இரண்டு கிரெடிட் பாடம்.
முப்பது மணி நேரம் வெளியே போய் வேலை செய்தால்
அகமதிப்பீட்டில் இருபது.
ஐந்தாவது சனிக்கிழமை எங்கள் குழுவுக்கு வாளையார்.
லாரி ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை.

ஷாமியானாவைக் கணவாய்க் காற்று இரண்டு முறை பிடுங்கியது.
மூன்றாம் முறை ஒரு கிளீனர் பையன்
எங்கள் முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்து
லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற மாதிரி கட்டினான்.
கட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான்.

எனக்குக் கொடுத்தது எழுத்து அட்டை.
ஆறு மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டு
அட்டை படபடக்காமல் முழங்காலால் முட்டுக்கொடுத்து
ஸ்கேலால் ஒவ்வொன்றாகத் தொடவேண்டும்.
"எழுத்தப் புடிச்சு நிறுத்து சாமி, அப்புறம் படிக்கறேன்"
என்றார் ஒருவர். வரிசையே சிரித்தது.

ப, ட, ர, ம.
வ, க, ந, ய.
பதினோரு பேர் கடைசி வரி வரைக்கும் படித்தார்கள்.
ரோட்டில் இவ்வளவு நல்ல கண்களா என்று
கண்ணாடிக் கடை கருணாஸ்ரீ மேடம் டிக் டிக்காகப் போட்டார்.

பன்னிரண்டாவது, மாதேஸ்வரன், சங்ககிரி.
என் ஸ்கேல் இரண்டாம் வரியில் இருந்தது.
அவர் மூன்றாம் வரியைப் படித்துக்கொண்டிருந்தார்.

முன்னால் நின்றவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு
மனப்பாடம்.
நானும் அப்படித்தான் பத்தாம் வகுப்பு தாண்டினேன்.

அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் எழுத்தே கிடையாது,
நாலு திசைக்கும் வாய் திறந்த மூன்று பல் குறிகள்,
தமிழ் தெரியாதவர்களுக்காக.
மலப்புறத்து ஷௌக்கத் ரிவர்ஸ் எடுக்கச் சொல்வதுபோல
லெஃப்ட், லெஃப்ட், மேலே என்று கையாலே ஓட்டிவிட்டுப் போனார்.
மாதேஸ்வரன் கையைத் தூக்கினார்.
கை எந்தப் பக்கமும் திரும்பவில்லை.
ஒவ்வோர் எட்டாக முன்னே வரச் சொன்னோம்.
இரண்டரை மீட்டரில் திரும்பியது.

"இது ஓனருக்குப் போகுமாங்க?"

எனக்குத் தெரியாது.
சாரைக் கேட்கலாமென்று குழுத் தலைவி நிவேதனா
போனை எடுத்தாள்; அது அப்போதுதான்
கேரளத்துக்குக் குடிபோயிருந்தது.
பதிவேட்டில் நாலு கட்டம்:
பெயர், வண்டி எண், கைபேசி, குறை.
முதலாவதை எழுதினேன். கடைசியையும் எழுதினேன்.
நடுவில் இரண்டையும் வெறுமனே விட்டேன்.
ஒரு மனுஷரின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டதாக
நெஞ்சுக்குள் ஒரு நிமிர்வு.

தூரப் பார்வைக் கண்ணாடி வர மூன்று வாரம் என்றார் மேடம்.
"அதுவரைக்கும்?"
"பையன் இருக்கறானுங்க."
முடிச்சுப் போட்ட அதே பையன் இடதுபக்கம் ஏறிக்கொண்டான்.
போர்டெல்லாம் அவன்தான் படித்துச் சொல்வானாம்,
மலையாளமும் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டானாம்.
பதினாறு டன் சிமெண்ட், திருச்சூர்.
வண்டி நகர்ந்தபோது பின்னால் இருந்த எண்
எனக்கு வளைவு வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது.

பயனடைந்தோர் நூற்றுப் பதினான்கு.
குறை கண்டறியப்பட்டோர் ஒன்பது.
அனுபவக் கட்டுரையில் பொறுப்பு என்ற சொல்லை
ஏழு இடத்தில் எழுதியிருந்தேன்.
இருபதுக்குப் பதினெட்டு.

எட்டுக் கண்ணாடிகள் போய்ச் சேர்ந்தன.
ஒன்பதாவது துறை அலமாரியில், வருகைப் பதிவேட்டுக்கு மேல்,
பெட்டியில் என் கையெழுத்து: மாதேஸ்வரன், சங்ககிரி.
எந்த மாதேஸ்வரன் என்று
லாரிச் சங்கத்துக்காரர் போனிலேயே சிரித்தார்.
ஒருநாள் எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.
கரும்பலகை கரைந்து சுவரோடு போயிற்று.

முப்பது மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது.
இன்றும் சனிக்கிழமை. பையில் அந்தப் பெட்டி.
சுண்ணாம்புக் கோடு இருந்த இடத்தில் நிற்கிறேன்.
காற்றில் கண் கலங்கினாலும்
வருகிற வண்டி எண்ணெல்லாம்
ஆறு மீட்டர் என்ன, அறுபது மீட்டரிலும் படிக்க முடிகிறது.
எதைத் தேடுவது என்பதைத்தான்
எழுதாமல் விட்டேன்.