ஏழாவது கட்டம்

கமநல நிலையத்துப் படிவத்தில்
ஏழாவது கட்டம்:
‘எருமைகளால் குளத்துக்கு ஏற்பட்ட சேதம்.’
சுகிர்தன் பேனையை மூடாமல் நிற்கிறான்.
அவனுக்குப் பின்னால் அலைகரை
வெடித்துக் கிடக்கிறது.

எழுதுங்கோ தம்பி.
கட்டை மிதிச்சுக் கரைச்சது உண்மை,
துருசுக்குத் தெற்கால, ரண்டு பாகம்.
அது சுட்டியின்ர வேலை.
அவளுக்கு நேர்வழி பிடிக்காது.
மாரிக்கு முதல் நானே மண் போடுவன்.

பிறகு இதையும் எழுதுங்கோ.
நாங்கள் முகாமில இருந்த காலம்
இந்தக் குளத்தில வாய் வைக்க ஒரு மாடில்லை.
திரும்பி வந்தால்
தண்ணியைக் காணேல்லை, சம்புதான்.
ஆளுயரத்துக்கு மேல, கரைக்குக் கரை.
எறிஞ்ச தூண்டில் நனையேல்லை.

காட்டுக்குள்ள தப்பின பதினொரு உருப்படி
ஒரு ஆவணியில தாங்களாவே வந்துதுகள்.
காதில உண்ணி. தொடையில ஆரோ சுட்ட குறி.
குறிக்காரரைத் தேடினன்.
பேர் கிடைச்சது.

அதுகள் சம்பை முழுக்கத் தின்னேல்லை,
பொய் சொல்லக்கூடாது.
குருத்தைக் கடிச்சுதுகள், மிச்சத்தில படுத்துதுகள்.
படுத்த இடமெல்லாம் தண்ணி கண் திறந்தது.
ரண்டாம் மாரி ஆம்பல்.
மூண்டாம் மாரி தாழைக்கோழி,
தன்ர நீலத்தோட.

போன வருசம் சோழகக் காத்தில தரவை எரிஞ்சதே,
நெருப்பு எங்க நிண்டதெண்டு
உங்கட ஆக்கள் அளந்தவையோ?
எருமை வாய் வைச்ச எல்லையில.
அங்கால எரிய ஒரு முழப் புல்லில்லை.

இப்ப பெக்கோ கொண்டுவந்து
இந்தக் கிடங்குகளை நிரவச் சொல்லுறியள்.
சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இறங்குங்கோ.
குளம் வத்தி இருபத்தாறு நாள்.
இது கொம்பி புரண்ட கிடங்கு.
கையை விடுங்கோ.
இன்னும் கீழ.
வழுக்குதோ?

விரால். அதுக்குக் கீழ குறட்டை.
மழை வாய்க்காலைத் தொட்ட அண்டு
மீன் வானத்தில இருந்து விழுறேல்லை,
இதுக்குள்ள இருந்துதான் குளத்துக்குப் போகுது.

முழங்கை வரை சேறோடு
அவன் படிவத்தை எடுக்கிறான்.
ஏழாவது கட்டத்தில்
பெருவிரல் அடையாளம் ஒன்று, ஈரமாய்.
“கட்டம் சின்னன் அக்கா” என்கிறான்.

இதற்குள் சுட்டி
அவனுடைய மோட்டார்சைக்கிளைச் சரித்து
அதன் நிழலில் பாதியில்
படுத்துவிட்டாள்.

அதை எழுதலாம்.