மீன்முள் கோடுகள்

பனி எனக்கு உதவியது.
புல்தரையில் வாரக்கணக்கில் தேட வேண்டியதை
பெய்ப்சி ஏரிக்கரையின் ஜனவரி
துளை துளையாகக் குறித்து வைத்திருந்தது.
ஒவ்வொரு துளையிலும் ஒரு கொடி நட்டேன்,
கைவிட்டு இரும்பை எடுத்தேன்,
எடை போட்டு எண் எழுதினேன்.
குளிரில் பேனா எழுதவில்லை;
ஊதி ஊதி எழுதினேன்.

ஒன்று: கலனின் மூடி. முந்நூறு கிலோ.
கூரையைத் திறந்துகொண்டு போய்
வெங்காயக் கிடங்கின் வாசலில்
கவிழ்த்த கொப்பரையாய்க் கிடந்தது.
ஏழு: பக்கத்து வீட்டு ஜன்னலை விட்டுவிட்டு
சுவரை மட்டும் துளைத்தது.
இருபத்திரண்டு: இரும்பல்ல.
பன்றிமயிர்த் தூரிகை, பிடி முறியாமல்.
மயிர்களில் சோப்பு நுரை
குமிழ் குமிழாய் உறைந்து, அப்படியே.

எண்டெல் அதைத்தான் பிடித்திருந்தான்.
தான் பற்றவைத்த தையலில் நுரை தடவி
எங்கே குமிழி ஊதுகிறதென்று பார்த்தபடி,
காதும் கொஞ்சம் கிட்டே.

வழக்கமாய்த் தண்ணீர் நிரப்பித்தான் சோதிப்பார்கள்.
அன்று குழாய் உறைந்திருந்தது.
சுழியத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
மீன் லாரி பதினொரு மணிக்கு.
"காற்றை ஏற்று. அதுவும் அழுத்தம்தானே"
என்றார் மேஸ்திரி வாம்போலா.

அழுத்தமானியைக் குறை சொல்ல முடியாது.
எட்டு என்றால் எட்டு.
தண்ணீரின் எட்டா, காற்றின் எட்டா
என்று அதன் முள்ளுக்குத் தெரியாது.
தண்ணீர் அமுக்கினால் சுருங்காது,
ஓட்டை கண்டால் சிந்தும், அதோடு மறந்துவிடும்.
காற்று அப்படியல்ல.
அமுக்க அமுக்க இடம் கொடுத்து
கொடுத்த இடத்தையெல்லாம் கணக்கு வைத்து
ஒரே நொடியில்
வட்டியோடு கேட்கும்.

வாம்போலாவுக்கு இரண்டு செவிப்பறையும் கிழிந்திருந்தது.
கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.
தன் குரல் தனக்கே கேட்காமல்
கத்திப் பதில் சொன்னார்:
"நான்தான் சொன்னேன்! நான்தான்!"
வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

உடைந்த விளிம்பை விளக்கில் சாய்த்தால்
வரிவரியாய் மீன்முள் தெரியும்.
முள்ளின் கூர் எந்தப் பக்கமோ
விரிசல் பிறந்தது அந்தப் பக்கம்.
தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில்
மேசைகளை நகர்த்திவிட்டு எல்லாத் துண்டையும் அடுக்கினேன்.
எல்லா முள்ளும் ஒரே இடத்தைக் காட்டின.
அந்த இடத்தில்
ஒரு முறம் அளவுக்குத் தரை தெரிந்தது.

மூன்றாம் நாள் ஏரிமேல் நடந்தேன்.
எபிஃபான் பெட்டிமேல் உட்கார்ந்து
தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.
பக்கத்தில் பனி துளைக்கும் கருவி எதுவுமில்லை.
"யார் போட்ட துளை?"
"மேலேயிருந்து வந்தது. புதன்கிழமை காலையில்.
தினமும் ஆடையை உடைத்து விடுகிறேன், அவ்வளவுதான்.
இடுப்பு வலிக்காரன், வேண்டாமென்றா சொல்வேன்?"
அளவுநாடாவை இழுத்தேன். நானூற்றுப் பத்து மீட்டர்.
அவர் வாளியில் ஆறு மீன்கள்,
வரிவரியாய்.
ஆழம் கேட்டேன்.
"தண்ணீர் முடிந்து சேறு தொடங்கும் இடம்
யாருக்குத் தெரியும்" என்றார்.

அறிக்கையில் எழுதினேன்:
துண்டு நாற்பத்தொன்று, மீட்கப்படவில்லை.
விரிசலின் தோற்றுவாய், ஊகம்.
எண்டெலின் தையலா,
அதற்கு அடியிலிருந்த பழைய இரும்பா?

மேட்டா அதைத்தான் கேட்பாள் என்று
வழியெல்லாம் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.
அவள் கேட்டது வேறு.
"தண்ணீராய் இருந்து, உடைந்திருந்தால்?"
"கால் நனைந்திருக்கும்."
"குழாயை உருக்க எவ்வளவு நேரமாகும்?"
"வெந்நீர் ஊற்றினால், மத்தியானத்துக்குள்."

கொதிக்கும் கெட்டிலை
அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

கிளம்பும்போதுதான் பார்த்தேன்:
பனியில் ஊறிய என் பூட்சுகளை
உள்ளே பழைய செய்தித்தாள் திணித்து
அடுப்போரம் காயவைத்திருந்தாள்.