முப்பத்தோராம் பக்கம்

பாதரசன் ஊத்துக்கோட்டைக்கு வந்தது
மதராஸ் பஸ்ஸின் கூரையில்,
வாழைத்தாருக்கும் பழைய டயருக்கும் நடுவே
சணல் சுற்றிய கட்டாக.
விலை ஒன்றே முக்கால்.
சைக்கிள் கடை தாவூத்திடம் வாடகைக்கு என்றால்
மணிக்குப் பத்து பைசா,
கிழித்தால் முழு விலை.

சுட்டால் சிதறுவான்.
உருண்டைகளாகத் தரையில் ஓடிக்
கதவிடுக்கில் நுழைந்து
அந்தப் பக்கம் ஒன்றாகி எழுவான்.
அச்சில் சிவப்பு எப்போதும் ஒரு நூல் விலகியிருக்கும்;
அவன் மேலங்கி அவனுக்குச் சற்று முன்னால் பறக்கும்.
செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், சத்தியவேட்டில்,
இதே படங்கள் தெலுங்கு பேசின.
அங்கே எழுத்துகளே உருண்டை,
அவன் சிந்தியது போல.

மற்ற நாயகர்கள் வைரம் தேடிக் கடலுக்குள் குதித்த காலத்தில்
இவன் சாராய ஊறலைக் கவிழ்த்தான்,
மருமகள் பக்கத்தில் ஸ்டவ் வெடிக்கும் முன் அணைத்தான்,
டீக்கடைக் கூரையில் தனியாகச் செருகியிருந்த
கொட்டாங்குச்சியை எடுத்துக்
கடைக்காரர் கையில் கொடுத்துக் குடிக்கச் சொன்னான்.
கடைசிக் கட்டத்தில் நம்மைப் பார்த்து
விரல் நீட்டுவான்:
"நீ?"
நான் பின்னால் திரும்பிப் பார்ப்பேன்.

பதினேழாம் இதழ், அரிசி ஆலை மர்மம்.
அதை மட்டும் அப்பா சொந்தமாக வாங்கித் தந்தார்,
கணக்கில் தொண்ணூறு எடுத்ததற்கு.
தொப்பி போட்ட வில்லன்.
உள்ளே அடைபட்ட குடும்பங்கள்.
முப்பத்தோராம் பக்கம் முழுக்க ஒரே படம்:
பாதரசன் பூட்டை உடைக்கிறான்.
'டமால்' பூட்டைவிடப் பெரிது.

ஆற்றுக்குத் தென்கரையில் அப்பா கணக்கெழுதிய மில்.
களத்தில் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள் செஞ்சி.
என் வயசு. எழுத்து தெரியாது,
படம் நன்றாகப் படிப்பாள்.
நடை நிற்காமல் எட்டிப் பார்த்தாள்.
"பூட்டு எதுக்கு?"
உள்ளே இருக்கறவங்க ஓடாம இருக்க, என்றேன்.
சிரித்துவிட்டாள்.
"எங்க மில்லுல பூட்டே கெடையாதே.
ராத்திரிகூட கேட்டு தொறந்துதான் கெடக்கும்.
நோட்டுதான் கீது."

நோட்டை எனக்குத் தெரியும்.
சிவப்புத் துணி முதுகு, நீள நோட்டு.
அதன் கடைசித் தாள்களில்தான்
பாதரசனை வரையப் பழகினேன்.
முன் தாள்களில் அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து:
கன்னியப்பன், அட்வான்ஸ் ஐந்நூறு.
அரிசி. சோப்பு. குழந்தைக்கு ஜுர மருந்து.
மாசி மகத்துக்குக் கடலுக்குப் போன இரண்டு நாள்.
பக்கத்துக்குப் பக்கம் கூட்டல்.
எங்கேயும் கழித்தல் இல்லை.

அப்பாவுக்குத் தொப்பி கிடையாது.
என்னை ஒருநாளும் அடித்ததில்லை.

அன்றிரவு அந்தப் பூட்டின் மேல்
பேனா மையால் ஒரு நோட்டை வரைந்தேன்.
புத்தகத்தைச் செஞ்சியிடம் கொடுத்தேன்.
திருப்பிக் கேட்கவில்லை.

சித்திரையில் ஆறு வெறும் மணல்.
ஏழு பேர், ஒவ்வொருவராக, தள்ளித் தள்ளி இறங்கி,
ஊரைச் சுற்றி,
செக்போஸ்ட் ஒட்டிய வேர்க்கடலைக் கொல்லை வழியே போய்
அந்தப் பக்கம் ஒன்றாகியிருக்கிறார்கள்.
நான் பார்க்கவில்லை.
அப்படித்தான் போயிருப்பார்கள்.
காலையில் அப்பா கேட்டார்,
அந்தப் பொண்ணு உன்கிட்ட ஏதாச்சும் சொல்லிச்சா?
பெரியபாளையத்துல சொந்தக்காரங்க இருக்காங்களாம், என்றேன்.
சைக்கிள்கள் கிழக்கே போயின.
தைரியமா, பயமா, இன்றும் தெரியாது.
திரும்பிப் பார்க்கப் பின்னால் யாரும் இல்லை,
அவ்வளவுதான்.

மூன்றாம் நாள்
அவள் சித்தப்பாவை மட்டும் பிடித்து வந்தார்கள்.
மற்ற ஆறு பேர் கடனையும்
அவர் பெயருக்குக் கீழே
அப்பா அதே கையெழுத்தில் இறக்கி எழுதினார்.

இப்போது பதினேழாம் இதழ் மறுபதிப்பு.
கெட்டி அட்டை, வழவழத் தாள், நானூறு ரூபாய்.
சிவப்பு கோட்டுக்குள் ஒழுங்காக நிற்கிறது.
வழுக்கை விழுந்த பையன்கள்
வரிசையில் நின்று வாங்கினோம்,
ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
முப்பத்தோராம் பக்கத்தில்
பூட்டு பளபளக்கிறது.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறேன்.
அந்தச் சித்தப்பாவின் பெயர் நினைவுக்கு வரவில்லை.
நோட்டில் இருந்தது.