புளியரை எடைமேடை, இரவு ஒன்றேகால்

மேடைமேல் வைக்கோல் லாரி.
பின்னால் எம்-சாண்ட், காய்கறி, மறுபடி வைக்கோல்,
சாரலில் விளக்கணைத்து
மலை ஏறக் காத்திருக்கும் பதினோரு வண்டிகள்.
உள்ளே, கறுத்த திரையில் ஒற்றை வரி:
இயங்குதளம் இல்லை.

சௌந்தரபாண்டி தென்காசியில் தூங்குகிறார்.
போனில் கொட்டாவியோடு சொன்னார்:
"இழுப்பறையில் ஒரு சிடி கெடக்கும்.
எடைக் கணக்கும் அதுலயே ஏத்தி வச்சிருக்கேன்."

கிடந்தது,
புரோட்டாக் கடை பில்லுக்கும் காய்ந்த ரிப்பனுக்கும் கீழே.
தட்டுதான் வெளியே வர மாட்டேனென்றது.
சேலைப் பின்னைக் கழற்றி
அந்தச் சின்னத் துளையில் குத்தினேன்.
நாக்கை நீட்டியது.

இனி டெலிட்டை அமுக்க வேண்டும்,
சரியாக அந்த ஒரு பீப்புக்குப் பிறகு.
உள்ளே போகும் வழிக்கு
அழிக்கிற விசையை வைத்தவன் யாரோ.
இரண்டு தடவை பிந்தினேன்.
மூன்றாவதில் நீலத் திரை.
வரிசையில் கடைசியாக நின்ற சிடியைத்
தள்ளித் தள்ளி முன்னால் கொண்டுவந்தேன்.
வெளியே ஒருத்தன் அதையே லாரியில் செய்யப் பார்த்து
ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

சிடி சுழன்றது,
கிரைண்டரில் கல் விழுந்த மாதிரி.
"சேச்சி, கழிஞ்ஞோ?" சிஜோ ஜன்னலில்.
"கழியல" என்றேன்,
இரண்டு மொழிக்கும் பொதுவாக.

நிறுவவா, நிறுவாமல் ஓட்டவா என்று கேட்டது.
நிறுவாமல் என்றேன்.
லாட்ஜ் பதிவேட்டில் பேர் எழுதாமல்
ஒரு ராத்திரி தங்க வந்த ஆள்போல
உள்ளே வந்து உட்கார்ந்தது.
எந்த வண்டியின் வெற்று எடையும் அதற்குத் தெரியாது.
தராசு சொன்னதை மட்டும் சொன்னது:
ஒன்பதாயிரத்து நானூற்று இருபது.

ரசீதில் தேதி,
ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்து இரண்டு.
உள்ளே பொத்தான் பாட்டரி செத்து வருஷமாகிறது.
சிஜோ தாளை விளக்கில் பிடித்துச் சிரித்தான்:
"அன்னு ஞான் மூணாம் கிளாஸ்."
நான் டைப்ரைட்டிங் லோயரில்
இரண்டாம் தடவை தோற்றிருந்தேன்.
அதைச் சொல்லவில்லை.
தேதியைப் பேனாவால் அடித்துத் திருத்தி
ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன்.
செக்போஸ்ட்டில் நம்பினால் நம்பட்டும்.

நாலாவது வண்டி மேடை ஏறுகையில்
கரண்டு போய், வந்தது.
திரை மறுபடி கறுப்பு.
யாரையும் எடை போட்ட ஞாபகமே அதற்கில்லை.
கார்பன் தாளில் மூன்று எண்கள் இருந்தன.

டெலிட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டேன்.
பீப் இன்னும் வரவில்லை.